மல்லாட்டையில் பூஞ்சை நஞ்சு: உள்ளூருக்குத் தேறும் சரக்கு ஐரோப்பாவுக்குத் தேறவில்லை, எந்த இடத்தில் சரிசெய்வது?

கேவிகுப்பம்_உழவர்குழு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கே.வி.குப்பம், லத்தேரி, குடியாத்தம் பக்கத்து மானாவாரிக் கொல்லிகளில் (நிலங்களில்) விளைந்த மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வாங்கி, உடைத்து, 18 டன் பருப்பாக ஐரோப்பாவுக்கு அனுப்பப் பேசியிருந்தது. அங்கே போய்த் தரம் பிரித்துக்கொள்ளும் வகைச் சரக்கு அது. நாங்கள் ஒரு கிலோ மாதிரி எடுத்து அனுப்பியபோது அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு "கண்டறியப்படவில்லை" என்று அறிக்கை வந்தது. வாங்குபவர் தரப்பில் மாதிரி எடுத்தபோது கிலோவுக்கு மொத்தம் 12.6, அதில் பி1 என்ற வகை மட்டும் 9.8 மைக்ரோகிராம். சரக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள்.

நம் நாட்டு வரம்பு 15, ஐரோப்பாவிலும் இந்த வகைக்கு 15 என்றுதான் சொன்னார்கள். 12.6 எப்படித் தோற்றது? இரண்டு அறிக்கைகளும் இவ்வளவு தள்ளிப்போவது எப்படி? அடுத்த பட்டத்துக்குள் திருத்த வேண்டுமென்றால் கொல்லியில் கை வைப்பதா, களத்திலா, உடைக்கும் மெஷினிலா? உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஒன்று, இரண்டு காணிக்காரர்கள். கூடுதல் வேலை சொன்னால் கூலி யார் கொடுப்பது என்று கேட்பார்கள், அதற்கும் பதில் வேண்டும். கடைசியாக, இந்த வரம்பு மக்கள் உடல்நலத்துக்காகவா, நம் சரக்கைத் தடுப்பதற்காகவா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வகம்_காட்பாடி

எண்களை முதலில் பார்த்துவிடலாம். ஒரு கிலோ பருப்பில் ஒரு மைக்ரோகிராம் என்பதைத்தான் பிபிபி என்கிறோம். மேற்பதனத்துக்குப் போகும் மல்லாட்டைக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு மொத்தம் 15. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் மேற்பதனத்துக்கு 15, நேரடியாக உண்பதற்கு 10 என்று வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 20, ஜப்பானில் 10. ஐரோப்பிய ஒன்றியம் மட்டும் இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்க்கும். நேரடியாக உண்பதற்கு மொத்தம் 4, பி1 2. தரம் பிரிக்கப் போகும் சரக்குக்கு மொத்தம் 15, பி1 8. உங்கள் சரக்கு மொத்தத்தில் தேறியது, பி1-இல் விழுந்தது. நான்கு வகை அஃப்ளாடாக்சினில் பி1 தான் மிகக் கொடியது, மல்லாட்டையில் பெரும்பாலும் அதுவே அதிகம். அதனால் ஐரோப்பாவுக்குப் பேசும்போது மொத்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பேசக்கூடாது.

இரண்டு அறிக்கைகள் முரண்படுவதற்கு ஆய்வகத்தைக் குறை சொல்ல வேண்டாம். இந்த நஞ்சு சரக்கு முழுக்கப் பரவி இருப்பதில்லை. சில பருப்புகளில் மட்டும் அளவுக்கு மீறிக் குவிந்திருக்கும். ஒற்றைப் பருப்பில் பத்து லட்சம் பிபிபி-க்கு மேல் அளந்திருக்கிறார்கள். அரை கிராம் எடையுள்ள அப்படி ஒரு பருப்பில் 500 மைக்ரோகிராம் நஞ்சு இருக்கும். 20 கிலோ மாதிரியில் ஏறக்குறைய 40,000 பருப்புகள். அவற்றில் இந்த ஒன்று மட்டும் கெட்டிருந்து மற்றதெல்லாம் சுத்தமாக இருந்தாலும் சராசரி 25 பிபிபி வந்துவிடும். அதே 20 கிலோவிலிருந்து நீங்கள் ஒரு கிலோ அள்ளினால் இருபது தடவையில் பத்தொன்பது தடவை அந்தப் பருப்பு கைக்கு வராது, "கண்டறியப்படவில்லை" என்றே வரும்.

ஐரோப்பிய முறையில் 15 டன்னுக்கு மேற்பட்ட சரக்கில் 100 இடங்களில், இடத்துக்கு 200 கிராம் வீதம், 20 கிலோ சேர்ப்பார்கள். மேல் வரிசை மூட்டைகளில் மட்டும் எடுத்தால் அது மாதிரியே இல்லை. நடு அடுக்கு, சுவரோரம், அடி மூட்டை எல்லாவற்றிலும் குத்தூசி இறங்க வேண்டும். சேர்த்த 20 கிலோவையும் அரைக்க வேண்டும், பிறகுதான் அதிலிருந்து சிறு பங்கு எடுக்க வேண்டும். முழுப் பருப்பாகவே கையால் அரை கிலோ பிரித்துக் கொடுத்தால் பழைய கதைதான். தண்ணீர் சேர்த்துக் கூழாக அரைத்துப் பிரிப்பது இன்னும் சீராக வரும். விலை உயர்ந்த கருவியா, எலைசா என்ற எளிய சோதனைப் பெட்டியா என்பது அடுத்த பேச்சு. பிழையில் பெரும் பகுதி மூட்டையிலிருந்து எடுக்கும் இடத்தில்தான் நேர்கிறது.

ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக்கு, மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி ஆணையமான அபேடாவின் பீனட் டாட் நெட் என்ற இணையப் பதிவு உண்டு. அங்கீகாரம் பெற்ற அலகில் பதனம் செய்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தார் வந்து எடுக்கும் மாதிரிக்குத்தான் மதிப்பு. நீங்களே எடுத்து அனுப்புவது உங்கள் உள்கணக்குக்கு உதவும், சான்றிதழுக்கு உதவாது.

இன்னொன்று, திரும்பிய சரக்கைச் சுத்தமான சரக்கோடு கலந்து அளவைக் குறைக்கும் யோசனை யாருக்காவது வந்தால் வேண்டாம். ஐரோப்பிய விதி அதை நேராகவே தடை செய்கிறது. ஒரு கெட்ட பருப்பு எங்கே போய்ச் சேரும் என்று தெரியாத நிலையில் கலப்பது நல்ல சரக்கையும் கெடுக்கும். தோல் நீக்கி, நிறம் பிரிக்கும் மெஷினில் ஓட்டி, மங்கல், பழுப்பு, சுருங்கல், உடைசல் எல்லாவற்றையும் ஒதுக்கி மறுபடி சோதித்தால் பெருமளவு குறையும். தோலோடு ஓட்டினால் மெஷின் கண்ணுக்கு உள்நிறம் தெரியாது.

பாலாற்றுப்படுகை_மானாவாரி

நஞ்சு எங்கே ஏறுகிறது என்று கேட்டீர்கள். நம் பக்கத்தில் இரண்டு கட்டமாக ஏறுகிறது. முதலில் புரட்டாசி வெயிலில், மண்ணுக்குள். அடுத்து ஐப்பசி மழையில், களத்தில்.

முதல் கட்டம். இந்த நஞ்சைச் சுரக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை நம் செம்மண்ணில் எப்போதும் உண்டு. செடிக்கு ஈரம் இருக்கும்வரை பருப்பே தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்களைச் சுரக்கும். அறுவடைக்கு முந்தைய மூன்று முதல் ஆறு வாரங்களில் மழை நின்று, காய் இருக்கும் ஆழத்தில் மண் வெப்பம் 28 முதல் 31 பாகைக்குள் நின்றால் பருப்பின் ஈரம் இறங்கும், அந்தச் சுரப்பு நிற்கும், பூஞ்சை உள்ளே போகும். வெளியில் காய் நன்றாகவே தெரியும். வேர்ப்புழுவும் கறையானும் ஓட்டைக் கொறித்திருந்தால் வழி இன்னும் எளிது.

இங்கே செய்யக்கூடியதில் பெரிய பலன் தருவது, கிணறோ பண்ணைக் குட்டையோ உள்ளவர்கள் 70-ஆம் நாளுக்கும் 90-ஆம் நாளுக்கும் இடையே ஒரு தண்ணீர் கொடுப்பது. மழை வரும் வரும் என்று காத்திருந்து தவறவிட்டால் பிறகு எந்த மெஷினாலும் முழுதாகச் சரியாகாது. தண்ணீரே இல்லாதவர்களுக்கு விதைப்புத் தேதிதான் ஆயுதம். 105 நாள் ரகத்தை ஆனி 15-ஐ ஒட்டி, அதாவது ஜூன் கடைசியில் போட்டால் அக்டோபர் 12 வாக்கில் பிடுங்கலாம். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் 20 தேதியை ஒட்டித்தான் தொடங்கும். ஆடி பிறந்து பத்து நாள் கழித்து விதைத்தவர் நவம்பரில்தான் பிடுங்குவார், களம் நனையாமல் இருக்க வழியில்லை. ஆனியில் மழையே பெய்யாத ஆண்டும் உண்டு, அப்போது இந்தக் கணக்கு உதவாது. அந்த ஆண்டில் காயவைக்கும் ஏற்பாட்டில்தான் காசு போட வேண்டும்.

ஜிப்சத்தை விட்டுவிடாதீர்கள். ஏக்கருக்கு 160 கிலோ, 40 முதல் 45 நாளுக்குள் மண் அணைக்கும்போது, ஈரம் இருக்கையில். சுண்ணாம்புச் சத்து ஏறினால் ஓடு கெட்டிப்படும், பொக்குக் காய் குறையும். விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை. கொல்லிக்கு ஏக்கருக்கு ஒரு கிலோ, 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து தூவ வேண்டும். ஆப்பிரிக்க நாடுகளில் அஃப்ளாசேஃப் என்று ஒன்று விற்கிறார்கள். நஞ்சு சுரக்காத அதே இனப் பூஞ்சையைச் சோள மணியில் ஏற்றி ஹெக்டேருக்கு 10 கிலோ, பூ எடுப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் தூவுவார்கள். அது கெட்ட பூஞ்சையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு நாட்டுக்கும் அந்த மண்ணிலிருந்தே எடுத்த வகைகள் வேண்டும் என்பதால் அங்கிருந்து வாங்கி வந்து இங்கே தூவ முடியாது.

பிடுங்கும் நாள். ஓட்டின் உட்புறம் கறுத்திருக்க வேண்டும். கொல்லியின் நாலு மூலையிலும் நடுவிலும் செடி பிடுங்கி உடைத்துப் பாருங்கள், நூறில் 75 முதல் 80 காய் உட்புறம் கறுத்ததும் பிடுங்கலாம். ஆள் கிடைக்கவில்லை என்று பத்து நாள் தள்ளினால் காம்பு இற்றுக் காய் மண்ணிலேயே நிற்கும், நஞ்சும் ஏறும். வேரழுகல், கழுத்தழுகல் வந்து காய்ந்த செடிகளை முதல் நாளே தனியாகப் பிடுங்கிவிடுங்கள். அதன் காய் ஒரு கூடை நல்ல குவியலில் விழுந்தால் அந்தக் குவியலே போச்சு.

இரண்டாம் கட்டம் களம். நம் ஊரில் பிடுங்கிய செடியை அப்படியே அம்பாரமாகக் குவித்து, ஆள் வரும்போது காய் பறிப்பது வழக்கம். இதை மாற்றாமல் வேறு எது செய்தும் பயனில்லை. ஈரச்செடிக் குவியலுக்குள் கை விட்டுப் பாருங்கள், சூடு தெரியும். பூஞ்சைக்கு அதுதான் வேண்டும். பிடுங்கிய செடியைத் தலைகீழாக, காய் மேலே, தழை கீழே இருக்கும்படி வரிசையாகச் சாய்த்து வெயிலில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். மழை மிரட்டினால் மலாவி நாட்டு முறை உதவும். தரையில் கட்டைகளைப் பரப்பி, அதன்மேல் செடிகளை வட்டமாக, காய் உள்ளேயும் தழை வெளியேயும் இருக்க அடுக்கி, நடுவில் காற்று ஏற வெற்றிடம் விடுவார்கள். தழைமேல் விழும் மழை வெளியே வடியும், காய் நிழலில் காயும்.

பறித்த காயைத் தார்ப்பாயில் இரண்டு விரல்கட்டை உயரத்துக்கு மேல் பரப்ப வேண்டாம். மண் தரை வேண்டாம், இரவில் ஈரம் ஏறும். மாலையில் சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும், ஆறிய பிறகு மூடுங்கள். காய் ஈரம் 8 சதவீதத்துக்கு வர வேண்டும். ஈரமானி குழுவுக்கு ஒன்று போதும். அது இல்லாத இடத்தில் காயைக் காதோரம் ஆட்டினால் கலகலவென்று பருப்பு ஆடும், கையில் தேய்த்தால் தோல் எளிதில் கழலும். இது தோராயம்தான், மூட்டை கட்டும் முடிவை மானி பார்த்தே எடுங்கள்.

இனி உங்கள் குழு கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய இடம் உடைக்கும் மெஷின். பருப்பு உடையாமல் வரவேண்டும் என்று காய்மேல் தண்ணீர் தெளித்து உடைப்பது பல ஊர்களில் நடக்கிறது, எடையும் கூடும். கொல்லியிலும் களத்திலும் பட்ட பாடு அந்த ஒரு குடம் தண்ணீரில் போய்விடும். நனைத்த பருப்பைச் சாக்கில் கட்டி இரண்டு நாள் வைத்தாலே பூஞ்சை எழும். உடைசலைக் குறைக்க வேண்டுமானால் காயைப் பெரிது, சிறிது என்று சல்லடையில் பிரித்து, அதற்கேற்ற இடைவெளி வைத்து ஓட்டுங்கள். பருப்பு 7 சதவீத ஈரத்தில், புதுச் சாக்கில், மரப்பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி இருக்கட்டும்.

கேவிகுப்பம்_உழவர்குழு

அண்ணா, தண்ணீர் தெளிப்பது எங்கள் பக்கத்திலும் உண்டு. மெஷின்காரருக்கு உடைகூலி மூட்டைக் கணக்கு என்பதால் அவருக்கும் அது சாதகம். இன்னொரு சந்தேகம். பிடுங்கி முடிந்த கொல்லியில் காய் பொறுக்க வரும் பெண்கள் உண்டு. நிலம் இல்லாதவர்கள், அந்த ஒரு மாதம் அதுதான் வருமானம். அந்தக் காயையும் வியாபாரிகள் வாங்கிச் சேர்த்து எங்களிடமே கொண்டு வருகிறார்கள். அதில் சிக்கல் உண்டா?

அம்மூர்_கணக்கு

சிக்கல் அதில்தான் அதிகம், தம்பி. காம்பு இற்று மண்ணில் தங்கிய காய் என்றாலே முற்றிப்போனது, அல்லது நோய் விழுந்த செடியுடையது. அதன்மேல் ஒரு மழையும் பெய்து, பிறகுதான் பொறுக்குகிறார்கள். ஒரு சரக்கில் நஞ்சு மிகுந்த பங்கு இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அதற்காக அந்தப் பெண்களை வாசலில் திருப்பி அனுப்பினால் பொறுக்கின காய் வேறு வழியில் சரக்குக்குள் வரத்தான் போகிறது. வியாபாரி வண்டியில், உங்கள் உறுப்பினர் பெயரில் வரும். கண்ணுக்குத் தெரியும்படி தனியாக வாங்குவதே நல்லது. தனிச் சாக்கு, தனி நிறத்தில் வாய்த்தையல், தனி விலை, தனி ரசீது. எடுத்த அன்றைக்கே காயவைக்க உங்கள் தார்ப்பாயைக் கொடுங்கள். அந்தக் காய் உண்ணும் பருப்புக்குப் போகக்கூடாது, செக்குக்கும் போகக்கூடாது. சுத்திகரிப்பு உள்ள எண்ணெய் ஆலைக்குப் போகலாம், காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது எண்ணெயிலுள்ள நஞ்சு நீங்கும். புண்ணாக்கு கழனிக்கு எருவாகப் போகட்டும். அந்தப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போகும் காயைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். சுருங்கியது, முளைவிட்டது, நிறம் மாறியது, கசப்பது எதையும் குழம்பிலோ சட்னியிலோ போட வேண்டாம் என்று சொல்லுங்கள். வறுத்தால் போய்விடும் என்ற நம்பிக்கை இருக்கிறது, வறுப்பதால் ஓரளவுதான் குறையும். கையால் பொறுக்கி எறிவதுதான் வீட்டில் செய்யக்கூடிய பெரிய காரியம்.

கூலி யார் கொடுப்பது என்று கேட்டீர்களே, அதற்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ காய். அதை 8 சதவீதத்துக்குக் காயவைத்தால் 956.5 கிலோ ஆகிவிடும். 43.5 கிலோ காற்றில் போனது. 2025-26 காரீஃப் பருவத்துக்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். அந்த விலையில் பார்த்தால் டன்னுக்கு 3,160 ரூபாய் போல நஷ்டம். தார்ப்பாய், புரட்டும் கூலி எல்லாம் தனி. நன்றாகக் காயவைத்தவருக்கும் ஈரத்தோடு கொண்டு வந்தவருக்கும் கிலோவுக்கு ஒரே விலை கொடுத்துவிட்டு, ஏன் காயவைக்கவில்லை என்று விவசாயியைக் கேட்பது நியாயமே இல்லை.

எடை போடும் இடத்திலேயே ஈரமானி வையுங்கள். அடிப்படை விலையை 8 சதவீத ஈரத்துக்கு என்று பலகையில் எழுதுங்கள். கொடுக்கும் விலை = அடிப்படை விலை × (100 − ஈரம்) ÷ 92. கிலோ 72.63 என்றால் 12 சதவீத ஈரக் காய்க்கு 69.47, 15 சதவீதத்துக்கு 67.10, 6 சதவீதம் வரை காயவைத்தவருக்கு 74.21. இது ஊக்கத்தொகை ஆகாது, எடைக்கு எடை நேர் செய்தது மட்டும்தான். இதற்குமேல் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால்தான் காயவைத்த கூலி வரும். அந்தத் தொகையை ஏற்றுமதி விலை பேசும்போதே வாங்குபவரிடம் பேசி வாங்குங்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பொருளீட்டுக் கடன் வாங்கி இருப்பு வைப்பவர்களும் ஈரம் பார்த்தே வைக்க வேண்டும். விலை ஏறட்டும் என்று 11 சதவீத ஈரக் காயை நாலு மாதம் அடுக்கி வைத்தால் ஏறிய விலையைப் பூஞ்சை தின்றுவிடும்.

ஆரணி_கால்நடை

புண்ணாக்கு என்று வந்ததால் சொல்கிறேன். செக்கில் ஆட்டும்போது நஞ்சில் பெரும் பகுதி எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கில் தங்கும். நம் பக்கத்தில் கறவை மாட்டுக்கு மல்லாட்டைப் புண்ணாக்கு போடாத வீடு குறைவு. மாடு தின்ற பி1, உடலுக்குள் மாறி எம்1 என்ற பெயரில் பாலில் வரும். தின்றதில் 1 முதல் 2 சதவீதம், கறவை அதிகமுள்ள மாட்டில் 6 சதவீதம் வரை. 100 பிபிபி பி1 உள்ள புண்ணாக்கு நாளைக்கு 2 கிலோ என்றால் 200 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. 2 சதவீதம் வந்தால் 4 மைக்ரோகிராம். எட்டு லிட்டர் கறக்கும் மாட்டில் லிட்டருக்கு 0.5. நம் நாட்டில் பாலுக்கான வரம்பே 0.5 தான், ஐரோப்பாவில் 0.05. காய்ச்சினாலும் போகாது.

2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைப் பார்த்தது. எம்1 வரம்பு மீறிய மாதிரிகளின் எண்ணிக்கையில் முதலில் நின்றது தமிழ்நாடு, 551-இல் 88. தண்ணீர் கலந்த பாலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், இதைப் பற்றிப் பேச்சே இல்லை. குழந்தைக்கு ஊற்றும் பால் இது.

கவனிக்க வேண்டியது சுருக்கமாக. நிறம் பிரித்து ஒதுக்கிய பருப்பை "மாட்டுக்குத்தானே" என்று தீவனத்துக்கு விற்கக்கூடாது. கலப்புத் தீவனத்துக்கு பி1 20 பிபிபி என்று இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது, மூட்டையில் முத்திரை பார்த்து வாங்குங்கள். பூசணம் பிடித்த புண்ணாக்கைத் துடைத்து வெயிலில் காட்டிப் போடுவது உதவாது. நல்ல தீவனத்துக்கு மாற்றினால் மூன்று நாலு நாளில் பாலில் எம்1 மறைந்துவிடும், அவ்வளவு விரைவில் சரியாகிற விஷயம் இது.

உணவுக்கொள்கை_வேலூர்

வரம்பு நியாயமா என்ற கேள்விக்கு வருகிறேன்.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த மல்லாட்டைப் புண்ணாக்கைத் தேடிப் போனதில்தான் இந்த நஞ்சே கண்டறியப்பட்டது. மனிதர்களில் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியான முதல் வகைப் பொருளாக உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. அளவு மிஞ்சினால் புற்றுநோய்க்கெல்லாம் காத்திருக்காது. 1974-இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் பகுதிப் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்த மக்காச்சோளம் தின்று 106 பேர் இறந்தார்கள். 2004-இல் கென்யாவில் 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் கெட்டுப்போனது என்று தெரிந்தும் வேறு தானியம் இல்லாத வீடுகளில்தான் சாவு விழுந்தது. ஆகவே வரம்பு வேண்டுமா என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

எந்த எண்ணில் வரம்பு என்பதுதான் வாதம். 1998-இல் உணவு வேளாண் அமைப்பும் சுகாதார நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு, வரம்பை 20-லிருந்து 10-ஆகக் குறைத்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டது. மஞ்சள் காமாலை பி என்று நாம் சொல்லும் கல்லீரல் அழற்சி பி கிருமி மக்களில் ஒரு சதவீதம் பேரிடம் மட்டும் உள்ள நாட்டில் நூறு கோடிப் பேருக்கு ஆண்டுக்கு இரண்டு புற்றுநோய் குறையும். கிருமி 25 சதவீதம் பேரிடம் உள்ள இடத்தில் 300 குறையும். அந்தக் கிருமி உள்ளவருக்கு இந்த நஞ்சின் வீரியம் 30 மடங்கு. ஐரோப்பா கடுமையாக்கிக்கொண்ட எண்ணால் அதன் மக்களுக்குக் கிடைத்த கூடுதல் காப்பு மிகச் சிறிது. ஏழை நாட்டு மக்களுக்குத்தான் கடுமையான காப்பு தேவை, அவர்களுக்கு அது கிடைக்கவில்லை. பிறந்த குழந்தைக்குப் போடும் மஞ்சள் காமாலை பி தடுப்பூசியும் அந்த வகையில் மல்லாட்டை சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

2001-இல் உலக வங்கி ஆய்வாளர்கள் இந்த ஐரோப்பிய வரம்பால் ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளின் தானியம், உலர்பழம், கொட்டை வகை ஏற்றுமதி 64 சதவீதம், அதாவது 67 கோடி டாலர் சரியும் என்று கணித்தார்கள். அந்த எண் உலகமெங்கும் மேடைகளில் பேசப்பட்டது. 2012-இல் மல்லாட்டை வணிகத்தின் உண்மைத் தரவை வைத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில் அப்படி ஒரு பெரிய பாதிப்புக்குச் சான்று கிடைக்கவில்லை. வரம்பு வருவதற்கு முன்பே ஆப்பிரிக்கா அந்தச் சந்தையை இழந்துகொண்டிருந்தது. இப்போது ஐரோப்பாவுக்குப் பெருமளவு அனுப்புவது அர்ஜென்டினாவும் அமெரிக்காவும். அமெரிக்காவில் 1965-லேயே மல்லாட்டைச் சந்தை ஒப்பந்தம் போட்டு ஒவ்வொரு சரக்கையும் சோதித்தார்கள், கெட்டதைச் சந்தைக்கு வெளியே எடுக்கும் செலவைத் தொழில் முழுவதும் பகிர்ந்துகொண்டது. நம்மிடம் இல்லாதது இந்தப் பகிர்வு. இங்கே விலை வைப்பது பருப்புத் தேர்ச்சிக்கும் எண்ணெய்க்கும் மட்டும். நஞ்சு இல்லாத காய்க்கு ஒரு காசு கூட இல்லை, செலவெல்லாம் ஒரு காணிக்காரர் தலையில்.

சட்டப்படி ஐரோப்பாவைக் கேட்க முடியுமா என்றால், உலக வணிக அமைப்பின் 1995 உணவுப் பாதுகாப்பு உடன்படிக்கை கோடெக்ஸ் எண்ணை அடிப்படையாக வைக்கிறது. அதைவிடக் கடுமையாக வைக்கும் நாடு அறிவியல் காரணம் காட்ட வேண்டும். புற்றுநோய் நஞ்சுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை, முடிந்த அளவு குறைக்க வேண்டும் என்ற வாதம் ஐரோப்பாவுக்கு இருக்கிறது. அதை உடைப்பது கடினம், அதற்குக் காத்திருந்து நம் சங்கங்கள் பயனடையப் போவதும் இல்லை.

என்னை உறுத்துவது திரும்பி வந்த சரக்கு எங்கே போகிறது என்பது. மலாவியில் ஏற்றுமதிக்கு ஒதுக்கிய பருப்பு உள்ளூர்ச் சந்தையில் மலிவாக மாவாக விற்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. இங்கேயும் ஒதுக்கிய பருப்பு குப்பைக்குப் போவதில்லை, மலிவு விலைப் பருப்பாகவும் புண்ணாக்காகவும் நம் வீட்டுக்கே வருகிறது. ஐரோப்பியருக்கு 4, நமக்குச் சட்டத்தில் 10, வாரச்சந்தையில் விற்கும் உடைசல் பருப்புக்கு யாரும் அளப்பதே இல்லை. ஏற்றுமதிச் சான்றுக்கு நாடு செலவிடும் கவனத்தில் ஒரு பங்கை வாரச்சந்தை மாதிரிகளுக்கும் பால் சங்கங்களுக்கும் கேட்பதுதான் விவசாயிகள் சங்கங்கள் வைக்க வேண்டிய கோரிக்கை என்று நினைக்கிறேன். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில் கொடுப்பதற்குப் பதில் கடலை எண்ணெய் கேட்டு விவசாயிகள் போராடுகிறார்கள், நல்ல கோரிக்கை. அதோடு அந்த எண்ணெய் எந்தப் பருப்பிலிருந்து என்ற நிபந்தனையும் சேர்ந்தே வர வேண்டும்.

கேவிகுப்பம்_உழவர்குழு

எல்லோருக்கும் நன்றி. அம்மூர் அக்கா சொன்ன ஈரக் கணக்குப் பலகையை அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம். தண்ணீர் தெளிக்காமல் உடைத்தால் உடைசல் எவ்வளவு கூடும்? மெஷின்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

பாலாற்றுப்படுகை_மானாவாரி

அது மெஷினுக்கு மெஷின் மாறும், பொது எண் சொல்ல முடியாது. உங்கள் மெஷினிலேயே பார்த்துவிடுங்கள். ஒரே குவியலில் 40 கிலோ காயைச் சல்லடை போட்டுப் பெரிது, சிறிது என்று பிரித்து உலர்ந்தபடி ஓட்டுங்கள். இன்னொரு 40 கிலோவைப் பிரிக்காமல் உலர்ந்தபடி ஓட்டுங்கள். இரண்டிலும் முழுப் பருப்பு, உடைசல், தோலுரிந்தது மூன்றையும் நிறுத்து எழுதுங்கள். 5 சதவீதத்துக்குக் கீழே அளவுக்கு மீறிக் காய்ந்த காயும் உடையும், அதனால் ஈரத்தையும் பக்கத்தில் குறியுங்கள். காலை வெயில் ஏறுமுன் ஓட்டினால் உடைசல் குறைவதைப் பார்க்கலாம். உடைகூலியை மூட்டைக் கணக்கில் கொடுக்காமல் முழுப் பருப்பின் எடைக்குக் கொடுங்கள், தெளிக்காமல் ஓட்ட அவரே இடைவெளியைச் சரிசெய்வார். ஈரமானியை வாங்குமிடத்தில் ஒன்று, மெஷின் வாயில் ஒன்று என்று வைத்தால், உள்ளே போன காயைவிட வெளியே வந்த பருப்பில் ஈரம் கூடியிருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஆய்வகம்_காட்பாடி

அந்த உடைசலைத் தனிச் சாக்கில் கட்டித் தனியாகச் சோதனைக்கு அனுப்புங்கள். முழுப் பருப்பையும் உடைசலையும் தனித்தனியாகப் பார்த்தால் நஞ்சு எதில் தங்குகிறது என்று தெரியும், எதை ஒதுக்கினால் போதும் என்று முடிவு செய்யலாம். மாதிரி ஒவ்வொன்றும் குறைந்தது 5 கிலோ, பல மூட்டைகளிலிருந்து சேர்த்தது. சீட்டில் ஊர், விதைத்த தேதி, பிடுங்கிய தேதி, பிடுங்கியபின் மழை பட்டதா என்ற நாலும் இருக்கட்டும். பி1 தனியாக, மொத்தம் தனியாக அறிக்கையில் வேண்டும் என்று முன்பே எழுதிக் கொடுங்கள்.